பாடிக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது

பம்பைக் கரையின் 52 கிராமங்கள், கூலி வாங்காத கைகளைக் கொண்டு ஓர் அறுவடைக் கால விருந்தை நடத்திவருகின்றன. வயல்கள் சுருங்கிவிட்டன. இளைஞர்கள் கடல் கடந்து போய்விட்டார்கள். ஆனாலும் ஓடங்கள் வருகின்றன.

ஆடி மழை சற்றே ஓய்ந்திருக்கும் முற்பகல். கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தில், ஆரன்முளா பார்த்தசாரதி கோயிலின் வடக்கு வாசலிலிருந்து 57 படிகள் இறங்கினால் பம்பை ஆறு. படித்துறையில் ஒரு குடும்பம் காத்து நிற்கிறது. கையில் அஷ்டமங்கலத் தட்டு, பின்னால் முத்துக் குடைகள், நாதஸ்வரம், தவில். எல்லோர் பார்வையும் ஆற்றின் வளைவை நோக்கி.

முதலில் பாட்டுதான் வருகிறது. நூறு ஆண் குரல்கள் ஒன்றாகச் சேர்ந்த, ஏறி இறங்கும் வஞ்சிப்பாட்டு. பிறகு வளைவைத் தாண்டி ஓடத்தின் பின்புறம் தெரிகிறது: பாம்பு படம் எடுத்தது போல வானத்தை நோக்கி உயர்ந்து நிற்கும் அமரம். வெற்றுடம்பு, வெள்ளை வேட்டி, தலையில் துண்டு. துடுப்புகள் தாளத்துக்கு விழுந்து எழுகின்றன. யாருக்கும் அவசரமில்லை. பாட்டு முடியாமல் கரையைத் தொடுவதாக உத்தேசமும் இல்லை.

வந்தவர்கள் கோயிலைப் பாடியபடியே வலம் வருகிறார்கள். துடுப்பைக் கொடிமரத்தடியில் சாத்திவிட்டு ஊட்டுப்புரைக்குள் நுழைகிறார்கள். வாழை இலையில் 44 வகைகள் பரிமாறப்பட்டிருக்கின்றன. பருப்பு, நெய், பப்படம், அவியல், ஓலன், காளன், எரிசேரி, பச்சடி, கிச்சடி, இஞ்சி, மாங்காய், நாரத்தங்காய், தோரன்கள், வறுவல்கள், பாயசங்கள். இன்னும் 20 வகைகள் இலையில் இல்லை. அவற்றைப் பாடித்தான் கேட்க வேண்டும். ஒருவர் ஓரடி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாட, தேன் வேண்டும் என்றோ தகரைக் கீரைத் தோரன் வேண்டும் என்றோ கற்கண்டு வேண்டும் என்றோ பந்தி கேட்கிறது. கேட்டது வந்தாக வேண்டும். இல்லை என்ற சொல்லை அந்தப் பந்தியில் உச்சரிக்கக் கூடாது என்பது விதி. ஏனென்றால் இலையின் முன் உட்கார்ந்திருப்பது துடுப்புப் போட்ட ஊர்க்காரர் அல்ல, ஓடத்தில் வந்த இறைவனே என்பது நம்பிக்கை.

இதன் பெயர் வள்ள சத்யா. வள்ளம் என்றால் படகு, சத்யா என்றால் விருந்து. கர்க்கடக மாதப் பாதியில், அதாவது ஜூலைக் கடைசியில் தொடங்கி அக்டோபர் ஆரம்பம் வரை நடக்கிறது. குழந்தை வேண்டி, நோய் தீர வேண்டி, நினைத்த காரியம் கைகூடியதற்கு நன்றியாக, ஒரு குடும்பம் ஓர் ஊரின் ஓடத்துக்கு விருந்து நேர்ந்துகொள்கிறது. ஒரு பருவத்தில் இப்படி நூற்றுக்கணக்கான விருந்துகள் நடக்கின்றன. நடுவில் ஓணம் வருகிறது. திருவோணத்திலிருந்து எண்ணினால் ஐந்தாம் நாளான உத்திரட்டாதியன்று புகழ்பெற்ற ஆரன்முளா வள்ளங்களி எனும் படகுப் போட்டி. தொலைக்காட்சிக்குத் தெரிவது அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைத் தாங்கிப் பிடிப்பது இந்த இரண்டரை மாதம்.

தமிழ் வாசகருக்கு இந்த ஊர் அந்நியமானதல்ல. நம்மாழ்வார் தம் திருவாய்மொழியில் ஒரு பதிகம் பாடிய திருவாறன்விளை இதுதான். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. செங்கன்னூர் ரயில் நிலையத்தில் இறங்கி, பஞ்ச பாண்டவர் பெயரால் வழங்கும் ஐந்து கோயில்களைத் தரிசிக்கும் தமிழ்நாட்டு வைணவர்கள் அர்ஜுனன் கோயிலாக இதைக் காண்கிறார்கள். ஆறு மூங்கில்களால் கட்டிய தெப்பத்தில் விக்கிரகம் வந்ததால் ஊருக்கு இந்தப் பெயர் என்பது உள்ளூர் ஐதீகம். தெய்வமே ஆற்று வழியாக வந்த ஊர்.

விருந்துக்கும் ஓடத்துக்கும் முடிச்சுப் போடும் கதை காட்டூரில் தொடங்குகிறது. ஆற்றின் மேல் பகுதியில் உள்ள அந்தக் கிராமத்தில் மாங்காட்டு இல்லத்துப் பட்டதிரி ஒருவர் ஒவ்வொரு திருவோணத்தன்றும் ஒரு விருந்தாளிக்குச் சோறிட்டுவிட்டே தாம் உண்பார். ஓர் ஆண்டு யாரும் வரவில்லை. மனமுருகி வேண்டியபோது ஒரு சிறுவன் வந்து உண்டான். வந்தவன் ஆரன்முளா அப்பனே என்று உணர்ந்த பட்டதிரி, அடுத்த ஆண்டிலிருந்து அரிசியையும் காய்கறியையும் தோணியில் ஏற்றிக் கோயிலுக்கே கொண்டுபோனார். வழியில் எதிரிகள் தாக்கினார்கள். கரையோர ஊர்க்காரர்கள் தங்கள் ஓடங்களில் காவலுக்கு வந்தார்கள். அந்தக் காவல்தான் காலப்போக்கில் வள்ளங்களியாயிற்று என்கிறது கதை.

கதையின் வயதை யாரும் அளந்து சொல்ல முடியாது. சடங்கு மட்டும் உயிரோடிருக்கிறது. மாங்காட்டு இல்லம் பிற்பாடு கோட்டயம் அருகே குமாரநல்லூருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இன்றும் இல்லத்தின் மூத்தவர் திருவோணத்துக்கு மூன்று நாள் முன்னதாகச் சிறு வள்ளத்தில் புறப்பட்டு, குட்டநாட்டு நீர்வழிகளைக் கடந்து காட்டூர் சேர்கிறார். ஓணத்துக்கு முந்தைய மாலை, காட்டூர்க் குடும்பங்கள் தரும் விருந்துப் பொருள்களோடும், ஆரன்முளாவின் அணையா விளக்கை ஏற்றுவதற்கான சுடரோடும் திருவோணத் தோணி புறப்படுகிறது. விடியும் வேளையில் கோயில் கடவை அடைகிறது. அன்றைய ஓண விருந்து அந்தப் பொருள்களில்தான் சமைக்கப்படுகிறது.

ஆக, இந்தப் படகுகள் போட்டிக்காகப் பிறந்தவை அல்ல. சோற்றைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கப் பிறந்தவை. அதனால்தான் இவற்றைப் பள்ளியோடம் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். செருப்பணிந்து யாரும் ஏறுவதில்லை.

ஒவ்வொரு பள்ளியோடமும் ஒரு கரையின் சொத்து. கரை என்றால் இங்கே ஆற்றோர ஊர். தனியார் எவரும் உரிமையாளர் இல்லை. பல ஊர்களில் நாயர் சமுதாயக் கரையோகத்தின் பொறுப்பில் ஓடம் இருக்கிறது. 52 கரைகளையும் ஒன்றிணைப்பது பள்ளியோட சேவா சங்கம். விருந்துக்கு முன்பதிவு செய்வது, எந்த ஓடம் எந்த நாளில் வர வேண்டும் என்று முறை வைப்பது, போட்டி நடத்துவது எல்லாம் சங்கத்தின் வேலை. சங்கம் இருந்தாலும், ஓடத்தை ஆற்றில் இறக்குவதற்குத் தோள் கொடுக்க வேண்டியது ஊர்தான்.

அது சாதாரணத் தோள் அல்ல. ஆஞ்சிலி மரத்தில் கட்டிய பள்ளியோடத்தின் நீளம் ஏறக்குறைய நூறடி. பின்னால் சுக்கான் துடுப்புப் பிடிக்க நான்கு அமரக்காரர்கள். அமரம் என்ற சொல் இதே பொருளில் தமிழ் அகராதியிலும் உண்டு. இருபுறமும் வரிசையாகத் துடுப்பாளர்கள். நடுவே நின்று பாட ஒரு குழு. நால்வர் நான்கு வேதம், துடுப்பாளர் 64 பேர் 64 கலை என்று தத்துவக் கணக்குச் சொல்வார்கள். நடைமுறைக் கணக்கு வேறு. ஓடம் ஒழுங்காக நகரக் கிட்டத்தட்ட நூறு ஆண்கள் வேண்டும். ஒரு வேலை நாளில், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, சம்பளம் இல்லாமல்.

பருவம் தொடங்கும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி ஓடம் பள்ளியோடப் புரையில் தூங்குகிறது. ஆற்றங்கரையில் கூரை வேய்ந்த நீண்ட கொட்டகை அது. கர்க்கடகம் நெருங்கும்போது அதை எழுப்ப வேண்டும். மரத்தின் இணைப்புகளைத் தச்சர் சோதிக்க வேண்டும். உளுத்த பலகையை மாற்ற வேண்டும். அடிப்பகுதிக்கு மீன் நெய் பூசிப் பளபளப்பாக்க வேண்டும். அமரத்தில் பித்தளைக் குமிழ்களைத் துலக்கிப் பொருத்த வேண்டும். பிறகு நல்ல நாள் பார்த்து நீரில் இறக்க வேண்டும். தச்சருக்குக் கூலி உண்டு. மற்றவையெல்லாம் ஊரின் கை வேலை. அலுவலகம் முடிந்து வந்த குமாஸ்தாவும், ஆட்டோ ஓட்டுபவரும், ஓய்வு பெற்ற ஆசிரியரும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். புதிய ஓடம் கட்டுவதென்றால் பல லட்ச ரூபாய்ச் செலவு. வீடு வீடாக நன்கொடை பிரிக்கிறார்கள். ஒரு கரைக்குப் புது ஓடம் வருவதென்பது ஒரு தலைமுறை நினைவில் வைத்திருக்கும் நிகழ்ச்சி.

துடுப்புப் போட்டால் போதாது, பாடவும் தெரிய வேண்டும். அதுதான் கடினமான பகுதி. வஞ்சிப்பாட்டுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் இலக்கிய அந்தஸ்து தந்தவர் ராமபுரத்து வாரியர். ஆரன்முளா பாணி அந்தப் பாட்டுக்குத் தனி நடை தந்தது. ஓடம் புறப்படும்போது ஒன்று, கோயிலை வலம் வரும்போது ஒன்று, பந்தியில் கேட்க ஒன்று, உண்டு முடித்து வாழ்த்த ஒன்று என்று சந்தர்ப்பத்துக்கு ஏற்பப் பாட்டு மாறுகிறது. முன்பு பையன்கள் ஓடத்தில் பெரியவர்களின் காலடியில் உட்கார்ந்து காதால் கற்றார்கள். இப்போது சங்கம் கிழக்கு, மத்திய, மேற்கு என மூன்று வட்டாரங்களாகப் பிரித்துப் பருவத்துக்கு முன் பாட்டுக் களரிகள் நடத்துகிறது. தானாக வந்த ஒன்றுக்கு வகுப்பு நடத்த வேண்டிவந்ததே காலத்தின் அடையாளம்.

காலத்தைக் காட்ட இன்னும் துல்லியமான கணக்கு உண்டு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்தனம்திட்டா மாவட்டத்தில் 12,34,016 பேர் இருந்தார்கள். 2011ல் 11,97,412 பேர். இந்தியாவின் பெரும்பாலான மாவட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த பத்தாண்டில் இந்த மாவட்டம் சுமார் மூன்று சதவிகிதம் சுருங்கியது. குழந்தைகள் குறைவு, வளைகுடாவுக்கும் மேலை நாடுகளுக்கும் போனவர்கள் அதிகம். அதே கணக்கெடுப்பின்படி 1,000 ஆண்களுக்கு 1,132 பெண்கள். மதில் சுவரும் இரும்புக் கதவும் கொண்ட பெரிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பலவற்றில் வயதான ஒரு தம்பதி, சிலவற்றில் பூட்டு.

நூறு ஆண் கைகள் தேவைப்படும் ஒரு மரபுக்கு இதைவிடப் பொருத்தமற்ற மாவட்டம் கிடைப்பது கடினம். ஓடத்தில் துடுப்புப் போடுவது ஆண்கள் மட்டுமே. பெண்களின் பங்கு கரையில்: தாலப்பொலி ஏந்தி வரவேற்பதில், வீட்டு வழிபாட்டில், ஊரின் நன்கொடைக் கணக்கில். இந்த எல்லை எத்தனை காலம் தாங்கும் என்ற கேள்வி 52 கரைகளிலும் உரக்கக் கேட்கப்படுவதில்லை. மக்கள்தொகைக் கணக்கு அதை மெதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இருந்தும் எப்படியோ சமாளிக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் ஆண்டு விடுமுறையை ஓணத்தை ஒட்டி எடுக்கிறார்கள். வேலை நாளில் வரும் விருந்துக்குப் படிப்பை முடித்து வேலை தேடும் இளைஞர்களும் ஓய்வு பெற்றவர்களும் கை கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்தென்றால் ஓடம் நிரம்பி வழிகிறது.

ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி ஆலப்புழையில் இந்தப் பிரச்சினைக்கு வேறு தீர்வு கண்டிருக்கிறார்கள். அங்கே 1952ல் ஜவஹர்லால் நேரு வந்துபோனதன் நினைவாகப் புன்னமடைக் காயலில் நேரு கோப்பைப் போட்டி நடக்கிறது. சுண்டன் வள்ளங்களை ஓட்டுபவை படகுக் குழுக்கள். அவை துடுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, முகாம் போட்டு, உணவும் படியும் கொடுத்துப் பயிற்சி அளிக்கின்றன. வெளி மாநிலத் துடுப்பாளர்களும் வருகிறார்கள். 2019ல் கேரள சுற்றுலாத் துறை கிரிக்கெட் பாணியில் சாம்பியன்ஸ் போட் லீக் என்ற தொடரையே ஆரம்பித்தது. வேகம் அங்கே விநாடியில் அளக்கப்படுகிறது. அதில் தவறேதும் இல்லை. அது விளையாட்டு.

ஆரன்முளா அந்த வழியில் போகத் தயங்குகிறது. துடுப்புப் போடுபவன் அந்தக் கரையின் மகனாக இருக்க வேண்டும், கூலிக்கு வந்தவனாக இருக்கக் கூடாது என்பது சங்கத்தின் நிலை. மன்னம் கோப்பைக்கான ஆசையில் சில கரைகள் குட்டநாட்டுத் துடுப்பாளர்களை ஏற்றிக்கொள்வதாகக் குற்றச்சாட்டுகள் எழுவதுண்டு. சச்சரவுகளும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் கூலிக்கு வந்தவர் பந்தியில் உட்கார்ந்து பாடிக் கேட்கும்போது, விருந்து கொடுத்த குடும்பத்தின் நம்பிக்கை என்னவாகும்? இறைவன் நாள் கூலிக்கு வருவாரா? சர்ச்சையின் வேர் இங்கேதான்.

விருந்தின் பின்னால் உள்ள சோற்றுக் கதையும் சிக்கலானது. ஓணம் அறுவடைத் திருநாள். பழைய கேரளத்தில் முதல் போக நெல் களத்துக்கு வரும் காலம் அது. மாநிலத்தின் நெல் சாகுபடிப் பரப்பு 1970களில் சுமார் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேராக இருந்தது. இன்று ஏறக்குறைய இரண்டு லட்சம் ஹெக்டேர். ரப்பர் வந்தது, வீடு வந்தது, கூலி ஏறியது, வயல் மேடானது. 2008ல் நெல் வயல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு நிலைமை போனது.

ஆரன்முளாவுக்கு அதைவிடப் பெரிய சோதனை வந்தது. வயலும் நீர்நிலையும் சேர்ந்த தாழ்நிலத்தில் ஒரு தனியார் விமான நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. வெளிநாடு வாழ் மக்கள் அதிகமுள்ள மாவட்டம் என்பதால் விமான நிலையத்தை வரவேற்றவர்களும் உண்டு. நிலம் நிரப்பப்பட்டதும் எதிர்ப்பு வலுத்தது. கட்சி வேறுபாடின்றிச் சத்தியாகிரகம் நடந்தது. முன்னணியில் நின்றவர் 1934ல் இதே ஊரில் பிறந்த மலையாளக் கவிஞர் சுகதகுமாரி. 2014ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2016 அக்டோபரில் முதலமைச்சர் பினராயி விஜயன் வந்து அந்த நிலத்தில் விதை தூவினார். பல ஆண்டுகள் தரிசாகக் கிடந்த வயலில் 2017ல் அறுவடை நடந்தது. சுகதகுமாரி 2020 டிசம்பரில் காலமானார். ஓடுபாதைக்குக் குறித்த இடத்தில் நெற்கதிர் ஆடுவதைப் பார்க்க அவருக்கு ஆயுள் இருந்தது.

ஒரு தாழ்நிலம் மீண்டதால் 52 ஓடங்களின் பசி தீர்ந்துவிடாது. கேரளம் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. ஓணக் காலத்தில் கம்பம், தேனி, பாவூர்சத்திரம் சந்தைகளிலிருந்து காய்கறி லாரிகளும், தோவாளையிலிருந்து பூக்கூடைகளும் மலையைக் கடந்து போவதைத் தமிழ்நாடு நன்கு அறியும். வள்ள சத்யாவின் இலையும் அந்த லாரிகளுக்குக் கடன்பட்டதுதான். பம்பை பாயும் மலைப்பகுதியில் சபரிமலையின் நிறபுத்தரிப் பூசைக்குக்கூட ராஜபாளையம் வயலில் விளைந்த கதிர்கள் போகின்றன. அறுவடை ஓரிடத்தில், திருநாள் ஓரிடத்தில். பழங்காலத்துத் திருவோணத் தோணி காட்டூரிலிருந்து வந்தது. இன்றைய தோணி செங்கோட்டைச் சோதனைச்சாவடி வழியாகவும் வருகிறது.

அப்படியானால் இது எந்த அறுவடையின் விருந்து? ஊரில் இன்னும் தவறாமல் விளைவது ஒன்றுதான். அது மனித உழைப்பு, அதுவும் விலை போடாத உழைப்பு. அரிசியை வெளியூரில் வாங்கலாம். ஓடத்தை நகர்த்தும் நூறு கைகளை வாங்கத் தொடங்கினால் விருந்துக்குப் பொருள் இல்லாமல் போய்விடும்.

இந்த உழைப்பின் மறுபக்கத்தில் ஆபத்தும் உண்டு. 2022 செப்டம்பரில், உத்திரட்டாதிப் போட்டிக்குப் புறப்பட்ட சென்னித்தலைப் பள்ளியோடம் அச்சன்கோவில் ஆற்றில் கவிழ்ந்தது. பள்ளி மாணவர் ஒருவர் உட்பட, உற்சாகமாக ஓடமேறியவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. மழைக்காலத்து ஆற்றில், அன்பினால் ஏறுபவர்களுக்கு வரம்பு வைப்பது எப்படி என்ற கேள்வியை அந்த விபத்து எழுப்பியது. நீச்சல் தெரியுமா, எத்தனை பேர் ஏறலாம், உடன் பாதுகாப்புப் படகு உண்டா என்று கேட்பது பக்திக் குறைவாகாது. தன்னார்வத்தை மட்டும் நம்பி நடக்கும் எந்தக் காரியத்திலும் இந்தக் கேள்விகளைக் கேட்க ஒருவர் வேண்டும்.

ஆறும் பழைய ஆறு அல்ல. பல ஆண்டுகள் நடந்த மணல் கொள்ளையால் பம்பையின் படுகை தாழ்ந்தது. சில இடங்களில் மணல் திட்டுகள் ஓடத்தை மறிக்கின்றன. மழை ஏமாற்றிய ஆண்டுகளில் போட்டிக்குத் தண்ணீர் போதாமல் மேலே மணியாறு அணையிலிருந்து திறந்துவிட வேண்டியிருக்கிறது. மழை மிஞ்சிய ஆண்டு 2018. அந்த ஆகஸ்ட் நடுவில், விருந்துப் பருவம் நடந்துகொண்டிருந்தபோதே, ரான்னி, ஆரன்முளா, செங்கன்னூர் பகுதிகளைப் பம்பை மூழ்கடித்தது. கோயிலுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அப்போது வீட்டு மாடிகளில் தவித்தவர்களை மீட்கக் கடற்கரையிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அழைப்பு அட்டை இல்லாமல், கூலி பேசாமல் வந்தார்கள். காவலுக்கு வந்த ஓடங்களின் பழைய கதை அந்த நாள்களில் உண்மையாக நடந்தது. 2020லும் 2021லும் கொரோனாத் தொற்று காரணமாகச் சடங்குக்கென்று மிகச் சில ஓடங்கள் மட்டுமே இறங்கின. ஆனால் திருவோணத் தோணி நிற்கவில்லை.

இன்னொரு வெள்ளமும் வருகிறது. அது சுற்றுலா. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் பஞ்ச பாண்டவர் கோயில் தரிசனத்தோடு வள்ள சத்யாவையும் சேர்த்துப் பேருந்துப் பயணம் நடத்துகிறது. அனுமதிச் சீட்டோடு வருபவர்கள் பந்தியில் அமர்கிறார்கள். பெரும்பாலான நாள்களில் சமையலும் ஒப்பந்தச் சமையல்காரர்களின் கையில்தான். ஓர் ஓடத்துக்கு விருந்து கொடுக்க இன்று லட்ச ரூபாய் வரை ஆகலாம். கொஞ்சம் வருமானமின்றி ஓடங்களைப் பராமரிக்க முடியாது. ஆனால் காசு கொடுத்தவர் வாடிக்கையாளர், வாடிக்கையாளர் பாடிக் கேட்பதில்லை, புகார் செய்வார். நடுவே கோடு எங்கே போடுவது என்பதில் சங்கத்துக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் பக்தர்களுக்கும் ஒரே கருத்து இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒரு நாள் கண்ணிலிருந்து மறைகின்றன. கிருஷ்ணன் பிறந்த அஷ்டமி ரோகிணி அன்று எல்லா ஓடங்களுக்கும் ஒரே விருந்து. ஓடக்காரர்கள் மட்டுமல்லாமல் வந்தவர் அனைவரும் பந்தியில் அமரலாம். கோயில் முற்றத்தில், மழை ஈரம் காயாத மணலில், ஆயிரக்கணக்கான இலைகள் விரிகின்றன. எரிமேலிக்கு அருகிலுள்ள சேனப்பாடி கிராமத்துப் பக்தர்கள் தயிரை ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் ஊர்த் தயிரைப் பெயர் சொல்லிக் கேட்கும் பாட்டே வள்ள சத்யாவில் உண்டு. அந்த ஒரு பாட்டடிக்காகப் பல மைல் தூரத்திலிருந்து ஓர் ஊர் ஆண்டுதோறும் தயிர் தருகிறது. வாளி தூக்கிப் பரிமாறுபவர்களில் யார் பொறியாளர், யார் மரம் ஏறுபவர் என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லோருடைய வேட்டியிலும் சாம்பார்.

வழக்கமான நாளின் விருந்து அமைதியாக முடிகிறது. உண்டவர்கள் கொடிமரத்தடிக்குத் திரும்புகிறார்கள். காலையில் நெல் நிரப்பி வைத்த பறையைச் சாய்க்கிறார்கள். நெல் தரையில் பரவுகிறது. விருந்து கொடுத்த குடும்பத்தைப் பாட்டால் வாழ்த்துகிறார்கள். பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டு படியிறங்குகிறார்கள். மாலையில் ஒருவருக்கு இரவுப் பணி, ஒருவருக்குக் கடை, ஒருவருக்கு மறுநாள் காலை கொச்சி விமான நிலையத்திலிருந்து விமானம்.

மாங்காட்டுப் பட்டதிரியும் அப்படித்தான் ஊர் திரும்புகிறார். திருவோண விருந்து முடிந்த பின் ஒரு சிறு பணக்கிழியை இறைவன் முன் வைக்கிறார். அதற்குப் பெயர் செலவு மிச்சம். தாம் கொண்டுவந்ததில் செலவு போக மீந்ததையும் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு சாலை வழியே ஊர் போகிறார். வரும்போது ஆறு, போகும்போது சாலை. அடுத்த ஆவணியில் மறுபடி வள்ளம் புறப்பட வேண்டும். அதற்குத் துடுப்புப் போட ஆள்கள் வேண்டும்.